குச்சவெளி வீட்டுக்கு ஒரு கையெழுத்து

குச்சவெளி
3.2.1974

என் அன்புக்குரிய அண்ணாவுக்கு,

நானும் பிள்ளையும் நல்ல சுகம் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுத வரவில்லை.

அப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த இந்த வீட்டை, இவருடைய தங்கை பூரணிக்கு மாற்றி எழுதச் சொல்லுகிறார்கள். வீடு கிடைத்தால்தான் அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை தாலி கட்டுவாராம். மாப்பிள்ளை யார் என்று கேட்டேன். "உனக்கேன் அந்தக் கதை? கையெழுத்தை வை" என்கிறார் இவர். மாட்டேன் என்றேன். நேற்றுத் தேத்தண்ணிக்குக் கொதித்த கேத்தல் என் இடக்கையில் சரிந்தது. அது தானாகச் சரியவில்லை.

சீதனக் கொடுமைக்கு எதிராகப் புதுச் சட்டம் வேண்டும் என்று நீங்கள் கூட்டம் போடுகிறீர்களாம். இவர் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள். ஒருமுறை வந்து "ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்கள் அன்புத் தங்கை
புஷ்பவதி

*

ஓர்ஸ் ஹில், திருகோணமலை
10.2.1974

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு கண் கலங்கினேன். கொஞ்சம் வெங்காயமும் காரணம். வீட்டுக்காரி கமலா உரிக்க விட்டிருந்தாள்.

கூட்டத்துக் கதையைக் கேள். மண்டபம் நிறைந்த சனம். தேத்தண்ணியும் பாணும் கொடுக்கிறார்கள் என்று யாரோ கதை கட்டிவிட்டானாம். என் மொட்டைத் தலையைப் பார்க்க வந்ததாக நான் நினைத்துக்கொண்டேன். வழக்குப் பேசுகிற அப்புக்காத்து ஒருவர் எழும்பி, "இருக்கிற சட்டமே காணும், புதிசு ஒன்றும் வேண்டாம்" என்றார். நான் விடுவேனா? "சீதனம் கேட்கிறவனுக்குக் கம்பிக்குப் பின்னால் மறியல்! கேட்டு வாங்கிக் கொடுக்கிறவனுக்கு இரட்டை மறியல்!" என்று மேசையில் குத்தினேன். ஒரே கைதட்டல். பின்னாலிருந்து ஒருத்தன், "ஐயா, நீங்கள் இருக்கிற வீடு ஆருடையது?" என்று கேட்டான். கமலாவின் சீதன வீடென்று ஊருக்கே தெரியும். எல்லாரையும்விட நான்தான் பலமாகச் சிரித்தேன்.

எனக்கு வீட்டிலும் மறியல்தான். கமலாவின் தம்பி கல்யாணம் ஆகாமல் இங்கேயே குந்தியிருக்கிறான். மீன் தலை அவனுக்கு, வால் எனக்கு. அவனுக்கு வீட்டோடு ஒரு பெண் அமையாவிட்டால் இந்த வீட்டில் பாதியை அவன் பேருக்கு எழுதப் போகிறாளாம். நான் எந்தப் பாதியில் படுப்பது என்று கேட்டேன்.

வர ஆசைதான். துறைமுகக் கந்தோரில் தலைக்கு மேல் வேலை. சட்டம் வரட்டும், உன் மனுசன் நடுங்குவான். அதுவரை பொறுத்துக்கொள். கைக்குத் தேன் தடவு.

அன்பு அண்ணன்
ஆனந்தராசா

*

குச்சவெளி
17.2.1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

தேன் தடவினேன்.

நேற்று மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். வந்தது கமலா மச்சாளும் அவவின் தம்பியும். மச்சாள் எல்லைக்கல் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு நான் சமைக்கிற குசினிக்குள் வந்தா. என் கைக்கட்டைப் பார்த்தா. "கிணறு கோடைக்கு வத்துமோ?" என்று கேட்டா. வேறொன்றும் கேட்கவில்லை.

அண்ணா, இது உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கும். தெரியாது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அது போதும். கையெழுத்து வைக்காமல் எதையும் தாங்குவேன்.

உங்கள் தங்கை
புஷ்பவதி

*

ஓர்ஸ் ஹில்
22.2.1974

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு வரி கேட்டாய். நான் எந்தக் காலத்தில் ஒரு வரியோடு நிறுத்தினேன்?

தெரியும். பேசி முடித்ததே நான்தான். முதலில் கோபப்படு, பிறகு யோசி. பூரணிக்கு மாப்பிள்ளை, கமலாவின் தம்பிக்கு வீடு, கமலாவுக்கு நிம்மதி, எனக்கு மீன் தலை. இத்தனை பேர் சந்தோசப்படுகிற இடத்தில் நீ ஒருத்திதான் மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிற்கிறாய். பின்பக்கப் பத்திக் கொட்டிலில் நீங்கள் மூன்று பேரும் இருக்கலாம். வாடகை கேட்கக் கூடாது என்று கமலாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். என் கண்டிப்பு உனக்குத் தெரியும்தானே.

சட்டத்தைப் பற்றி யோசிக்காதே. அது வருவதற்கு முதல் எழுதிவிட்டால் ஒருவருக்கும் மறியல் இல்லை.

வியாழக்கிழமை பத்திரம் எழுதுகிற நொத்தாரிசோடு வருகிறேன். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இரு. நொத்தாரிசு வாய் சும்மா இராத மனுசன்.

பிள்ளைக்கு முத்தங்கள்.

அன்பு அண்ணன்
ஆனந்தராசா

*

குச்சவெளி
3.3.1974

ஆனந்தராசா அவர்களுக்கு,

வியாழக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். என்றாலும் எழுதுகிறேன்.

நான் கை தெரியத்தான் வந்து இருந்தேன். நொத்தாரிசு பேனையை நிறுத்தி, "இதென்ன பிள்ளை கையில? சொந்த விருப்பத்திலதான் எழுதுறியளோ?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் நீங்கள், "என்ர தங்கச்சிக்குச் சின்னனில இருந்தே ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியாது ஐயா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நொத்தாரிசும் சிரித்தார். அந்த நேரம் இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், என்னைப் பார்த்தபடி நின்றார்.

நான் கையெழுத்து வைத்தேன்.

நானும் பிள்ளையும் இப்போது பக்கத்து ஆமினா உம்மா வீட்டில் இருக்கிறோம். கொட்டிலுக்கு வரமாட்டோம்.

உங்கள் அடுத்த கூட்டம் இருபத்துநாலாம் திகதி என்று பேப்பரில் இருந்தது. காலை பஸ்ஸில் வருவேன். நான் ஒன்றும் பேசமாட்டேன். முன்வரிசையில் கை தெரிய இருப்பேன்.

நீங்கள் பேசுங்கள்.

புஷ்பவதி