பெல்லுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு

அக்கா,

இன்று காலை ஈரச் சுவரின் வாசனை மூக்கில் ஏறியது. வீட்டில் சாம்பார் அடிப்பிடித்தால்கூட எனக்கு வாசனை தெரியாது என்று என் மனைவி உங்களிடம் புகார் சொல்லியிருக்கிறாள். ஆனால் சுண்ணாம்பும் சிமெண்டும் உள்ளுக்குள் நனைந்து ஊறும் அந்த வாசனை மட்டும் எத்தனை அடி தூரத்திலிருந்தும் தெரிந்துவிடுகிறது. அது வந்ததும் நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் புதிதாக எழுந்திருக்கும் பதினான்கு மாடிக் கட்டடம் அது. ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகாத பசுமைக் கட்டடம் என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். குழாயில் கசிவு என்றால் அதுவே கண்டுபிடித்து, வால்வை மூடி, கைப்பேசிக்குத் தகவலும் அனுப்பிவிடுமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் இதையெல்லாம் சரிபார்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள். கூட வந்த இளம் இன்ஜினியர் பெண் திரையைக் காட்டி, "எல்லாமே நார்மல் சார்" என்றாள். மூன்றாவது மாடி நடையில் நின்றுகொண்டு, ஏசி, பம்ப் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். பிறகு பையிலிருந்து உங்கள் எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொள்ள மிகவும் பாடுபட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

நீங்கள் முதன்முதலில் எங்கள் கதவைத் தட்டியது சண்டை போடத்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். லிங்கராஜபுரத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்துக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்களுடையது முதல் மாடி, எங்களுக்கு நேர் கீழே உங்கள் வீடு. நீங்கள் கையில் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு நின்றீர்கள். என் மனைவி பலகாரம் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டாள். தட்டில் இருந்தது உங்கள் படுக்கையறைக் கூரையிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புச் செதில்.

"இது உங்க வீட்டுத் தண்ணி பண்ற வேலை, தம்பி. என் கட்டில் மேல ஒழுவுது."

"எங்க வீட்ல லீக்கே கிடையாதுங்க. நான் பொம்மசந்திராவுல வால்வு கம்பெனில இன்ஜினியர். எனக்குத் தெரியாதா?"

"இன்ஜினியர் வீட்டுத் தண்ணின்னா கீழ இறங்காதா?"

கதவை நான் கொஞ்சம் வேகமாகவே சாத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் நீங்கள் என் மனைவியிடம் மாடிப்படியில் பேசியதை அவள் என்னிடம் சொன்னாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உழைத்து வாங்கிய வீடு. அதுவரை மர்பி டவுனில் ஒற்றை அறை, தெருவுக்கெல்லாம் சேர்த்து ஒரு குழாய். கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகன் பூனாவில். அம்மா தனியாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "சுவரு நனைஞ்சுடுச்சுன்னு தெரிஞ்சாப் போதும், வித்துட்டுக் கிளம்பி வான்னு நிப்பான். என் பேர்ல ஒரு குழாய் இருக்கும்மா இங்க. நான் போற அன்னிக்குத்தான் அதை மூடணும்" என்றீர்களாம். அதைக் கேட்ட பிறகும், கசிவு எங்கள் வீட்டில் இல்லை என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். படித்தவன் பிடிவாதம் லேசில் இறங்காது.

நாலைந்து நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், வழக்கம்போலக் கரண்ட் போனது. மிக்ஸி, மோட்டார், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின. உடனே கதவு தட்டும் சத்தம். கையில் டம்ளரோடு நீங்கள்.

"கரண்ட் போச்சு. இப்பதான் லைன் க்ளியரா இருக்கும். வழி விடுங்க."

நான் வழி விட்டேன். கூடத்துச் சுவரில் டம்ளரின் வாயை வைத்து, அதன் அடியில் காதை ஒட்டிக் கேட்டீர்கள். பிறகு சமையலறை. பிறகு குளியலறை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, என்னைப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்தி, "லைன்ல இருங்க" என்றீர்கள். எத்தனை ஆயிரம் பேரிடம் சொன்ன குரலோ, நான் வாயை மூடிக்கொண்டேன். கண்ணை மூடி, சுவரில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்றீர்கள்.

"இங்க."

நானும் காதை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, பக்கத்து வீட்டில் பால் பொங்கும்போது கேட்குமே, அந்த மாதிரி ஒரு மெல்லிய சீறல். அதற்கு இரண்டு விரல்கடை மேலே ஒரு போல்ட். கெய்சர் மாட்டுவதற்காக, பிளம்பர் எதற்கு என்று, நானே டிரில் வைத்து இறக்கிய போல்ட். சுவருக்குள் ஓடிய குழாயைக் குத்திவிட்டிருந்தேன்.

நீங்கள் போல்ட்டைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். டம்ளரைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரக் குடியிருப்போர் கூட்டத்தில் செக்ரட்டரி கசிவு என்னவாயிற்று என்று கேட்டார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். நீங்கள்தான் எழுந்தீர்கள். "பில்டர் போட்ட ஜாயின்ட் லூஸு சார். இந்தத் தம்பிதான் கண்டுபிடிச்சு சரி பண்ணிச்சு." பிறகு படியிறங்கும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பொய் சொன்னதுக்கு சர்ச்சுல நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். நீ இனிமே டிரில்லைத் தொடாத" என்றீர்கள். அன்றைக்குத்தான் 'நீங்க' என்பது 'நீ' ஆனது. எனக்கும் அன்றிலிருந்துதான் நீங்கள் அக்கா.

குற்ற உணர்ச்சிக்கு ஏதாவது செய்தாக வேண்டும் இல்லையா? நான் ஒரு பெட்டி செய்தேன். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாயில் அதைப் பொருத்தினேன். தண்ணீர் இடைவிடாமல் இருபது நிமிடம் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது என்று அது எடுத்துக்கொள்ளும். முதலில் பன்னிரண்டு வீட்டிலும் பெல் அடிக்கும். யாராவது திறந்த குழாயை மூடினால் சரி. ஐந்து நிமிடத்தில் மூடாவிட்டால் அதுவே வால்வை மூடிவிடும். கையால் திறக்க வேண்டுமானால் ஒரு சாவி உண்டு. ஆளாளுக்குத் திறந்துவிடக் கூடாதே என்று அந்தச் சாவியை பொம்மசந்திராவில் என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்துவிட்டேன். ஐந்து மாதம் அது ஒழுங்காக வேலை செய்தது. நான் படியில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

பிறகு தீபாவளி வந்தது.

விடியற்காலை நாலரை மணிக்குப் பதினோரு வீட்டிலும் தலையில் எண்ணெய். பதினோரு வீட்டிலும் ஒரே நேரத்தில் குளியல். ஒருவர் குழாயை மூடும்போது இன்னொருவர் திறக்கிறார். இருபது நிமிடமும் தண்ணீர் நிற்கவே இல்லை. பெட்டிக்குத் தீபாவளி தெரியுமா? பெல் அடித்தது. தெருவில் சரம் வெடிக்கிற சத்தத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வால்வு மூடிக்கொண்டது. பிறந்ததிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் நான். என் பெட்டிக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

சீயக்காய் கண்ணில் வழிய, துண்டோடு படியில் நின்றது மொத்தக் கட்டடமும். "ஏன்ரீ இன்ஜினியரே, நீரே இல்வல்ரீ!" என்று கன்னடத்தில் கத்தினார் செக்ரட்டரி. அவர் மீசையிலிருந்து எண்ணெய் சொட்டியது. சாவியோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால், பண்டிகைக்குப் பூட்டிய கம்பெனிக்குள்.

அப்போது உங்கள் வீட்டுக் கதவு திறந்தது. கட்டடத்திலேயே அன்று எண்ணெய்க் குளியல் இல்லாத ஒரே வீடு. குழாயடியில் வளர்ந்த பழக்கத்தில், தினமும் படுக்கும் முன் டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைக்கும் வீடு.

"வரிசையில வாங்க! வீட்டுக்கு ஒரு பக்கெட்டு! மர்பி டவுன் குழாயடியில நான் பாக்காத கூட்டமா?" என்று வாசலில் நின்று அதட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனரோடு மாடிக்கு ஓடும்போது, "நரகாசுரன் யாருன்னு இப்ப தெரிஞ்சுதா எல்லாருக்கும்?" என்று கேட்டீர்கள். அந்த நிலையிலும் செக்ரட்டரி சிரித்துவிட்டார். வால்வை நான் கழற்றி எடுக்கும்போது நன்றாக விடிந்திருந்தது.

பெட்டியைத் தூக்கி எறிய வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நீங்கள் ஒருவர்தான் மறுத்துப் பேசினீர்கள். "பெல்லு அடிச்சுது. நான் கேட்டேன். அவ்ளோ பட்டாசுலயும் கேட்டேன். உங்களுக்குக் கேக்கலைன்னா அது பெல்லு தப்பா?" பெட்டி தப்பித்தது. பண்டிகை நாளில் நிறுத்தி வைக்க ஒரு சுவிட்சைச் சேர்த்து, சாவியைச் செக்ரட்டரியிடமே கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் ஓடியது. இரண்டாயிரமும் தாண்டிவிட்டது. அவரைக்காய்ப் பருவத்தில் ஒரே மாதத்தில் இரண்டு முறை வால்வு மூடியது. யார் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பெல்லை மதிக்காமல் இருக்கிறார்கள் என்று செக்ரட்டரி குதித்தார். மூன்றாவது முறை பெல் அடித்தபோது நான் வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

உங்கள் கதவு திறந்திருந்தது. மேஜையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தீர்கள். முதுகுக்குப் பின்னால், தலைக்கு நேர் மேலே, பெல் அலறிக்கொண்டிருந்தது. சமையலறையில் பாத்திரம் வழிந்து தண்ணீர் தரையில் ஓடியது. நீங்கள் நிதானமாக ஒரு காயை உரித்து, பருப்பைக் கிண்ணத்தில் போட்டு, அடுத்த காயை எடுத்தீர்கள். 'அக்கா' என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. என் நிழல் மேஜையில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தீர்கள்.

என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு தரையை. எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்து, பெல்லை அண்ணாந்து பார்த்தீர்கள்.

"சத்தம் கம்மியா வருது போல, தம்பி. ரிப்பேரா பாரு."

குழாயை மூடினாலும் பெல் ஓய ஒரு நிமிடம் ஆகும். அந்தச் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன். "ஆமாக்கா. ரிப்பேர்தான்."

சுவருக்குள் ஓடும் நூலளவு தண்ணீரைக் கேட்ட காது. இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது நம் இருவருக்குமே தெரியும். செக்ரட்டரி பூனாவுக்கு ஃபோன் போடுவார், மகன் வருவார், ஒரு வாரத்தில் வீடு காலி. உங்கள் பெயரில் இருந்த குழாய் மூடப்படும்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, "பெல் சத்தம் எல்லாருக்கும் தொந்தரவா இருக்கு. பக்கத்துல ஒரு விளக்கும் போட்டுடறேன். பெல் அடிக்கறப்ப அது விட்டு விட்டு எரியும்" என்றேன். எனக்கு வேறு வேலை இல்லை என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஏணியும் ஒயருமாக அலைந்து பன்னிரண்டு வீட்டிலும் மஞ்சள் விளக்கு மாட்டினேன். உங்கள் வீட்டில் மட்டும் கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று. ஏன் இரண்டு என்று கேட்டீர்கள். ஒயர் மிச்சம் இருந்தது என்று தரையில் கிடந்த ஒயர்ச் சுருளை விரல் நீட்டிக் காட்டிச் சொன்னேன். "மிச்சமிருந்தா சரி" என்று எனக்குக் காபி போட்டுக் கொடுத்தீர்கள். அதன் பிறகு உங்கள் வீட்டால் ஒரு முறைகூட வால்வு மூடவில்லை. ஐந்து வருஷம் அந்த வீட்டிலேயே இருந்தீர்கள். அங்கிருந்துதான் போனீர்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் உங்கள் மகன் என்னைக் கூப்பிட்டார். சமையலறைக் குழாய் இறுக மூடியிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் கூடத்துக்கு வந்துவிட்டேன். டம்ளரை என் கையில் கொடுத்து அவர் சொன்னார்.

"அம்மாவுக்குக் காது போச்சுன்னு எனக்குத் தெரியும்ண்ணா. லைன் சரியில்ல, லெட்டர் போடுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. டெலிபோன் ஆபரேட்டர் லைன் மேல பழி போடறாங்கன்னா தெரியாதா? கூட்டிட்டுப் போகத்தான் டிக்கெட் எடுத்தேன். அப்பதான் இது வந்துச்சு."

ஒரு இன்லேண்ட் லெட்டர். உங்கள் குண்டு குண்டான எழுத்து. 'மேல் வீட்டுத் தம்பி என் ஒருத்திக்காகப் பன்னிரண்டு வீட்டுக்கும் விளக்கு போட்டிருக்கிறான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் தெரியாத மாதிரியே இருக்கிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ வராதே.'

அவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் அழுதேன், அக்கா. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

இன்று அந்த மூன்றாவது மாடியில், எல்லாம் அடங்கிய ஐந்து நிமிடத்தில், டம்ளரில் சத்தம் கேட்டது. அதே பால் பொங்கும் சத்தம். கசிவின் சத்தத்தைக் கேட்கும் கருவியை வைத்த இடத்துக்கும் கசிவுக்கும் நடுவில் ஒரு தூண் இருந்து, சத்தத்தை மறைத்திருக்கிறது. அந்தப் பெண்ணும் டம்ளரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவள் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது, அலாரம் வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்திலேயே ஒரு விளக்கும் வேண்டும் என்றேன்.

"எதுக்கு சார்? மொபைலுக்குத்தான் மெசேஜ் போயிடுமே."

"பெல் சத்தம் எல்லாருக்கும் தொந்தரவும்மா" என்றேன்.

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். உங்களை நான் இன்னும் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை, அக்கா.