தேங்காய்க்குப் பதிலாக வந்தது

இன்று காலை வாசலுக்கு வந்த பையைப் பிரித்தால், தேங்காய் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டியில் அடைத்த தேங்காய்ப்பால். சிநேகிதி, உன் முதல் வருஷத் திதிக்கு உன் படத்துக்கு முன்னால் உடைக்கத்தான் தேங்காய் கேட்டிருந்தேன்.

கொண்டுவந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. “தேங்கா ஸ்டாக் இல்ல ஆன்டி. சிஸ்டமே மாத்திப் போட்டுருச்சு. இதுவும் தேங்காதானே லா?”

“இத எப்படிப்பா படத்துக்கு முன்னால உடைக்கிறது?” என்றேன். அவர் அதற்குள் பைக்கைக் கிளப்பிவிட்டார்.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். கிள்ளானில் நம் தெருப் பக்கம் அந்த இரண்டு சூப்பர்மார்க்கெட்டும் எதிரெதிரே திறந்தபோது எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். இவன் எண்ணெய் விலையைக் குறைத்தால், அவன் அரிசியோடு வாளி கொடுத்தான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு வாளியோடு வந்தேன். நீ அதைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்தாய். “நமக்கு வசதின்னு சொல்றானே, அவனுக்கு இதுல என்ன வசதின்னு யோசிடி,” என்றாய். முனையிலிருந்த மளிகைக் கடை மூடியது. கொஞ்ச நாளில் இரண்டு கடை வாசலிலும் தொங்கிய சலுகை விலை அட்டைகள் காணாமல் போயின. பேசி வைத்துக்கொண்டார்களா, தற்செயலா, எனக்குத் தெரியாது. நீ மட்டும், “பாத்தியா?” என்று புருவத்தைத் தூக்கினாய்.

நீ போன பிறகு தனியாகக் கடைக்குப் போகப் பிடிக்கவில்லை. வீட்டுக்கே சாமான் வரவழைக்க மகள் போனில் ஆப் போட்டுக் கொடுத்தாள். வசதிதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் காப்பித்தூள் தீர்ந்துவிட்டதா என்று அது தானாகக் கேட்கும்போது பயந்துபோய் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். என் டப்பாவுக்குள் எட்டிப் பார்க்க அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நான் வெளியே இறங்கியே மாதக்கணக்காகிவிட்டது. பேச ஆளில்லாமல் இப்படியே நாலு சுவருக்குள் முடிந்துவிடுவேனோ என்று.

தேங்காய் இல்லாமல் உன் முன்னால் எப்படி நிற்பது? சேலையை மாற்றிக்கொண்டு பாசாருக்கு நடந்தேன். தேங்காய்க் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் தேடினார்.

“எங்க ஆன்டி, உங்க கூட்டாளி? ரெண்டு பேரையும் ரொம்ப நாளா காணோமே.”

சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, நடுப் பாசாரில், வெட்கமே இல்லாமல். இத்தனை மாதத்தில் உன்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான் டி.

அவர் குவியலில் தேடி, குடுமியோடு ஒரு காயை என் கையில் வைத்தார். “அவங்களுக்குன்னா நல்லதா இருக்கணும் ஆன்டி.”

அழுதுகொண்டேதான் வாங்கினேன். ஆனாலும், உன்னைப் போலவே, காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டேன்.