சாம்பல் தீவுக்கு இரண்டு பேர்

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் லைப்ரரியில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மின்னஞ்சல். மூன்று வருடத்துக்கு முன் நான் விண்ணப்பித்த அனுமதி இப்போதுதான் வந்திருக்கிறது. இந்தோனேசியக் கடலில் உள்ள அபுத் தீவு; அபு என்றால் மலாயில் சாம்பல். இன்னும் புகைகிற சின்ன எரிமலை, பாதுகாக்கப்பட்ட இடம். ஒரு நாளைக்கு எட்டுப் பேரைத்தான் விடுவார்கள். எங்களுக்கு மார்ச் 22.

எங்களுக்கு! குணவதி என்று என் பெயர், பசுபதி என்று கணவர் பெயர். மாற்ற முடியாது. ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் அனுமதி இல்லை.

சிங்கப்பூர் நீதிமன்றத்தில் எங்கள் விவாகரத்தின் இடைக்காலத் தீர்ப்பு வந்து ஏழு நாள்தான் ஆகிறது. இறுதித் தீர்ப்புக்கு மூன்று மாதம் போக வேண்டும். அதுவரை நாங்கள் யார்?

13 பிப்ரவரி

மின்னஞ்சலை அழித்துவிடலாம். அழிக்கவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

தெம்பனிஸில் அவர் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்கு ஃபோன் செய்து பசுபதியிடம் சொன்னேன். “போலாம்லா,” என்றார். அவ்வளவுதான். படகில் கால் வைத்தாலே வாந்தி எடுக்கிற மனிதர்.

மகள் அனுப்ரியா சிரிக்கிறாள். “ம்மா, நீங்க டிவோர்ஸ் பண்றீங்களா, ஹனிமூன் போறீங்களா?” எனக்கே தெரிந்தால்தானே.

2 மார்ச்

ஏன் பிரிந்தேன் என்பதை மறந்துவிடுவேனோ என்று பயம். எழுதி வைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் பயிற்சிக்காகக் கோலாலம்பூரில் இருந்தேன். இங்கே என் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். “சாதாரணக் காய்ச்சல்தான், நீ முடிச்சிட்டு வா,” என்று பசுபதி மூன்று நாளும் ஃபோனில் சொன்னார். நான் வந்தபோது அம்மாவுக்கு நினைவில்லை. கண்ணைத் திறக்காமலே போய்விட்டார்.

“நீ பதறிடுவேன்னுதான் சொல்லல.”

கெட்டவர் இல்லை. அவரும்தான் அழுதார். ஆனால் எனக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து அவரே முடிவு செய்கிறார். அதனால்தான் இன்று லிட்டில் இந்தியாவில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். சரியாகத்தான் செய்தேனா?

22 மார்ச், சனி

கரைக்குத் திரும்பிவிட்டோம்.

கறுப்பு மணல். தீக்குச்சி கிழித்தது போல வாசனை. காவலர் அஸ்மத் முன்னால் நடந்தார். பாதையின் இரண்டு பக்கமும் கயிறு. தாண்டவே கூடாது என்றார். அங்கே ஒரு பறவை சூடான சாம்பலைத் தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடுகிறது. பூமியின் சூட்டிலேயே பொரிந்து, குஞ்சு தானே தோண்டி வெளியே வருமாம்.

கல்யாணமாகி எத்தனை வருடம் என்று அஸ்மத் மலாயில் கேட்டார். “இருபத்து மூணு,” என்று பசுபதி சிரித்துக்கொண்டே சொன்னார். பொய்யா? பொய்யும் இல்லையே! எனக்கு எரிச்சல். அவர்களைத் தாண்டிப் போக அவசரமாகக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கால் வைத்தேன். தரை உள்வாங்கியது. முழங்கால் வரை வெதுவெதுப்பு. அடியில் ஏதோ நொறுங்கியது. காலை எடுத்தால் செருப்பெல்லாம் மஞ்சள் கரு.

சத்தம் கேட்டு அஸ்மத் திரும்புவதற்குள் பசுபதி கயிற்றைத் தாண்டி என் பக்கத்தில் நின்றார். “நான்தான் உடைச்சேன். அவங்க என்னைத் தூக்க வந்தாங்க.”

அஸ்மத் பதிவேட்டில் அவர் பெயரை எழுதினார். முட்டையை உடைத்தவர் இனி இந்தத் தீவுக்கு வரக் கூடாது.

நன்றி சொல்ல வேண்டுமா, அறைய வேண்டுமா? புரியவில்லை. படகு கிளம்பும் நேரத்தில் காவலர் குடிசைக்கு ஓடிப் போய், உடைத்தது நான் என்று சொல்லிவிட்டேன். அஸ்மத் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். வேலைக்கு வந்த புதிதில் தானும் இரண்டு முட்டையை மிதித்திருப்பதாகச் சொன்னார்.

படகில் வாந்தி எடுத்து முடித்துவிட்டுப் பசுபதி கேட்டார்: “ஏன் குணா சொன்னே? நான் பாத்துக்கிட்டேன்ல?”

“என்னோடதை ஏன் நீங்க எடுத்துக்கிறீங்க? அந்த முட்டை என்னோடது. அம்மாவோட கடைசி மூணு நாளும் என்னோடதுதான்.”



30 மார்ச்

அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஏன் எதிர்பார்க்கிறேன்?

12 ஏப்ரல், சனி

பசுபதியிடமிருந்து கடிதம். கையால் எழுதியது, நான்கு பக்கம். அம்மாவின் மூன்று நாளையும் மணிவாரியாக எழுதியிருக்கிறார். திங்கள் காலை இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாராம். நர்ஸின் தோட்டைப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று கேட்டாராம். ‘செவ்வாய்க்கிழமை நாலு தடவ உன் பேரச் சொன்னாங்க. அவ வந்துட்டிருக்கான்னு பொய் சொன்னேன். உனக்கு ஃபோன் பண்ணக் கையில எடுத்தேன். பண்ணல. எனக்குத்தான் பயம்.’

சிராங்கூன் ரோடு பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து படித்தேன். மூன்று பஸ் போய்விட்டது. தெரியாமலே இருந்திருக்கலாமோ? இல்லை. ஐயோ, நாலு தடவை கூப்பிட்டிருக்காங்களே!

13 ஏப்ரல்

மறுபடி படித்தேன். கோபம் போகவில்லை. ஆனால் பழைய கோபம் இல்லை இது.

5 மே, திங்கள்

வக்கீல் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். மூன்று மாதம் முடிந்துவிட்டது, இறுதித் தீர்ப்புக்கு மனு போடலாமா என்று கேட்டார்கள். “பேசிட்டுச் சொல்றோம்,” என்றேன். வைத்த பிறகுதான் உறைத்தது, ‘சொல்றோம்’ என்றிருக்கிறேன்.

பசுபதியை அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

“என்ன செய்யலாம்?” என்றேன்.

“தெரியல, குணா. நெஜமாவே எனக்குத் தெரியல.”

இருபத்து மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எனக்கும் தெரியவில்லை என்றேன்.

சனிக்கிழமை பார்க்க வரட்டுமா என்று கேட்டார். ஆமாம், கேட்டார். வரச் சொல்லியிருக்கிறேன்.