ஆல்ரவுண்டரின் தொண்டை

ஜனவரி 6, திங்கள்
ஸ்டாஃப் மீட்டிங். விளையாட்டு விழாவில் மைக்கில் யார் பேசுவது என்றதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஜாய்ஸ் டீச்சர் இருக்கையில என்ன கவலை? நம்ம ஆல்ரவுண்டராச்சே!" என்றார் ஹெச்.எம். மேடம். கைதட்டினார்கள். நான் சேர்ந்தது சயின்ஸ் எடுக்க. பிறகு பாட்டுக் குழு, நாடகம், லீவு போட்டவர்களின் வகுப்பு. வருஷா வருஷம் மைக்கும். மறுக்க வாயெடுத்தேன். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டு ரொம்ப நாளாகிறது.

ஜனவரி 9
பாட்டுப் பயிற்சியின் நடுவில் குரல் நின்றேவிட்டது. பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். என் வீட்டுக்காரர் மெர்வின் தன் ஆபீஸிலிருந்து ஓடிவந்து டாக்டரிடம் கூட்டிப்போனார். குரல்நாணில் கட்டியாம். "எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருவோம்மா. ரிசல்ட் வராம ஒண்ணும் சொல்ல முடியாது."
ஒண்ணும் சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம்?

ஜனவரி 10
அப்பாவுக்கும் கேன்சர் தொண்டையிலதான் ஆரம்பிச்சது. மக ஆன்மேரி இப்பத்தான் எட்டாவது படிக்கிறா. அவகூட உக்காந்து பேசுனதவிட மைக்லயும் வராண்டாவுலயும் கத்துனதுதான் அதிகம். ஆண்டவரே, எம்புட்டு கத்தியிருக்கேன்!

ஜனவரி 13
ஆபரேஷன் முடிந்தது. பேசக் கூடாது.

ஜனவரி 17
ஹெச்.எம். மேடம் போன். மெர்வின் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "விழாவுக்குள்ள சரியாயிருமில்ல சார்? மெதுவாப் பேசினாப் போதும்."
மெர்வின் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன். "மேடம், பேட்டிங், பவுலிங், கீப்பிங் எல்லாம் இவளே பண்ணுனா மத்த பத்துப் பேரு எதுக்கு டீம்ல இருக்காங்க? மைக் பக்கமே வரமாட்டா."
போனை வைத்துவிட்டு என் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

ஜனவரி 21
சாதாரணக் கட்டிதான்! கத்திக் கத்தி வந்தது என்றார் டாக்டர். நான் கும்பிட்டேன். அதற்கு மட்டும் குரல் தேவைப்படவில்லை. திரும்பும் வழியில் மெர்வின் சிம்மக்கல்லில் பைக்கை ஓரங்கட்டி, பழக்கடை முன்னாலேயே அழுதார். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே."

பிப்ரவரி 3
பள்ளிக்குப் போனேன். சின்னக் குரல் வந்திருக்கிறது. ஹெச்.எம். மேடத்திடம் சொன்னேன்: "இனிமே சயின்ஸ் மட்டும்தான் மேடம்."
"அப்ப பாட்டுக்கு யாரு?"
"டோனி சார் நல்லாப் பாடுவாரு."
அங்கேயே நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டோனியின் முகம் சிவந்துபோனது. "என்னை யாரும் கேட்டதே இல்லையே டீச்சர்" என்றார்.
மேடம் டோனியின் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு, "சரிம்மா, உடம்பைப் பாருங்க" என்றார்.

பிப்ரவரி 8, சனி
விளையாட்டு விழா. பந்தலுக்குக் கீழே பெற்றோர்களோடு உட்கார்ந்திருந்தேன். மைக்கில் கணக்கு டீச்சர் பெயர்களை மாற்றி மாற்றி வாசித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். விழா அது பாட்டுக்கு நடந்தது.

இருநூறு மீட்டரில் ஆன்மேரி ஓடினாள். ஓடும்போது இடது முழங்கை வெளியே விரிகிறது, உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். இத்தனை வருஷம் அவள் பெயரை மைக்கில் வாசித்துவிட்டு அடுத்த போட்டிக்குப் போயிருக்கிறேன்.

நாலாவதாக வந்தாள். மூச்சிரைக்க என்னிடம்தான் ஓடிவந்தாள்.
"அம்மா, பாத்தியா?"
"பாத்தேன்டி. முழுசாப் பாத்தேன்."