மேட்டு லைன் வீடுகளின் உடையாத கண்ணாடிகள்

அனுப்புநர்:
ஆ. சாராம்மாள், வயது 67,
காலஞ்சென்ற ஆர்தர் அவர்களின் மனைவி,
கோடி வீடு, மேட்டு லைன்,
மாரிகுப்பம், கோலார் தங்க வயல்.

பெறுநர்:
டெபுடி கமிஷனர் அவர்கள்,
கோலார் மாவட்டம், கோலார்.

பொருள்: எங்கள் லைன் வீடுகளின் சுவர் நகரவில்லை என்று கல் ஆராய்ச்சி ஆபீஸ் கொடுத்த அறிக்கையை நிறுத்தி வைத்து, சுவர்களை மறுபடி சோதிக்கவும், சோதனையில் கண்ணாடி உடைந்தால் குடியிருப்பவர்களை வெளியேற்றாதிருக்கவும் உத்தரவு வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். இந்த மனுவை யாரையும் வைத்து எழுதவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். கோர்ட் வாசலில் டைப் அடிப்பவரிடம் சொன்னால் அழகாக அடித்துக் கொடுப்பார், ஆனால் நடுவில் நடந்ததை எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிடுவார். தங்கள் ஆபீஸில் தமிழ் படிக்க ஆள் இல்லாமல் போகலாம் என்று என் பேத்தி நேத்ரா இதைக் கன்னடத்தில் எழுதிப் பின்னால் சேர்த்திருக்கிறாள். அவள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் எழுத்தில் பிழை இருக்காது.

1. என் வீட்டுக்காரர் ஆர்தர் சுரங்கத்தின் அடியில் பாறை சரியாமல் மரமுட்டு வைக்கும் வேலையில் இருந்தவர். அவர் பெயருக்குக் கிடைத்த இந்தக் கோடி வீட்டில்தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருந்து வந்தேன். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர். தகரக் கூரை. முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். இந்த மனு அந்த நடுச்சுவரைப் பற்றியது.

2. ஐயா வெளியூர்க்காரராக இருந்தால் ஏர்பிளாஸ்ட் என்பது தெரியாமல் இருக்கலாம். வெகு ஆழத்தில் தங்கத்தை எடுத்துவிட்டுக் காலியாக விட்ட இடங்களைச் சுற்றியுள்ள பாறை, மேலே இருக்கும் பாரம் தாங்காமல் திடீரென்று வெடித்து நொறுங்கும். அப்போது மேலே எங்கள் வீட்டில் தகரம் கிடுகிடுக்கும், பாத்திரம் உருளும். சின்னதாக வந்தால் பேசிக்கொண்டிருப்பதைக்கூட நாங்கள் நிறுத்த மாட்டோம். பெரிதாக வந்தால், ஷிப்டில் யார் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, ஆள் இறங்கும் ஷாஃப்ட் பக்கம் ஓடுவோம். 1998-ல் அப்படிப் பெரிதாக ஒன்று வந்தபோதுதான் என் வீட்டு நடுச்சுவரில் மேலிருந்து கீழாக விரிசல் விட்டது. எங்கள் லைனில் பல வீடுகளில் விட்டது.

3. அதன் பிறகு கல் ஆராய்ச்சி ஆபீஸிலிருந்து வந்தார்கள். பாறையும் கட்டடமும் எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது விலகும், எப்படி உடையும் என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. ஸ்ரீநிவாஸ் என்ற இளவயது ஆபீசர் விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் பதித்து, ஈரத்தில் ஆணியால் தேதி கீறினார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும், உடையாத வரை சுவர் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று அர்த்தம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். கண்ணாடி இருக்கும் வரை விரிசலைப் பூசக் கூடாது என்றார். நாங்கள் பூசவில்லை. மாதம் ஒருமுறை வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். நல்ல பிள்ளை. என் வீட்டில் காப்பி குடிக்காமல் போனதில்லை.

4. முதலில் உடைந்தது ஆறுமுகம் வீட்டுக் கண்ணாடி. உடைந்த அந்த வாரமே, லைன் வீடுகளைக் கவனிக்கும் சுரங்கக் கம்பெனியின் எஸ்டேட் ஆபீஸிலிருந்து, வீடு ஆபத்து, காலி செய்ய வேண்டும் என்று கதவில் தாள் ஒட்டினார்கள். வேறு வீடு தருகிறோம் என்று அந்தத் தாளில் இல்லை. ஆறுமுகமும் அவர் பெண்சாதியும் இரண்டு பெண் பிள்ளைகளும் தங்கம் பிரித்த பின் கொட்டிய சைனைடு மண்மேட்டு ஓரம் தார்ப்பாய் கட்டிக்கொண்டு குடியிருக்கப் போனார்கள். காற்று அடித்தால் அந்த மண் சோற்றில் விழும். அவர்கள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் லைனில் ஒரு கண்ணாடியும் உடையவில்லை.

5. அதாவது, உடைந்தது யாருக்கும் தெரியவில்லை. ஏர்பிளாஸ்ட் வந்த மறுநாள் காலையில் வீட்டுக்கு வீடு வேறு கண்ணாடி ஏறிவிடும். ஒரு முனையைச் சிமெண்டில் அழுத்திப் பதித்து, மறுமுனையின் மேல் சிமெண்டைக் குல்லா போல மூடி மட்டும் வைப்பார்கள். உள்ளே கண்ணாடி ஒட்டியிருக்காது. சுவர் விலகினால் கண்ணாடி வழுக்கிக்கொண்டு போகும், உடையாது. பழைய தேதியை அதேபோல் ஆணியால் கீறிவிடுவார்கள். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்போது எனக்கு மட்டும் தெரியாது. என்னிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. லைன் முழுக்க, குழாயடியிலும் கோயில் வாசலிலும், பாறையோடு வேலை செய்தவர் வாழ்ந்த வீடு என்பதால் என் வீட்டுக் கண்ணாடி உடையவே உடையாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ரீநிவாஸ் சாரிடமும் சொன்னேன். அவரும் சிரித்து ஒப்புக்கொண்டார்.

6. சென்ற வருஷம் என் தங்கை சாவுக்கு ஆம்பூர் போயிருந்தபோது என் வீட்டுக் கண்ணாடியும் உடைந்திருக்கிறது. திரும்பி வந்தபோது சுவரில் கண்ணாடி முழுசாக இருந்தது. மாட்டியிருந்த என் வீட்டுக்காரர் போட்டோவுக்குத்தான் கண்ணாடி இல்லை. ஏர்பிளாஸ்டில் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது என்று என் மகன் ஏனோக் சொன்னான். போட்டோவின் மரச்சட்டம் மட்டும் எப்படித் தப்பித்தது என்று நான் கேட்டதற்கு, பெங்களூர் ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். அந்த வாரத்திலிருந்தே நான், மருமகள் செல்வமணி, நேத்ரா மூவரும் முன்னறையில் வெளிச்சுவர் ஓரமாகப் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கட்டிலை எடுத்துக்கொண்டு போய் உள்ளறையில் நடுச்சுவரை ஒட்டித் தான் மட்டும் படுத்தான். எங்களுக்கு இடம் நெருக்கியது. மகாராஜாவுக்குத் தனி அறை கேட்கிறதோ என்று நான் குத்திப் பேசினேன். சிரித்துக்கொண்டான்.

7. இந்த வருஷம் பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். பம்பு நின்றது, அடியில் தண்ணீர் ஏறுகிறது என்கிறார்கள். மூடியது பாறைக்குத் தெரியவில்லை, ஏர்பிளாஸ்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆராய்ச்சி ஆபீஸும் கடையைக் கட்டுகிறது. போவதற்கு முன் ஏப்ரலில் ஓர் அறிக்கை எழுதி எஸ்டேட் ஆபீஸுக்குக் கொடுத்தார்கள். மேட்டு லைன் சுவர்கள் இரண்டு வருஷத்துக்கு மேலாக அசையவில்லை, இனிக் கண்காணிக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். ஏனோக் எஸ்டேட் ஆபீஸுக்குப் போய் நடுச்சுவருக்கு இரண்டு முட்டாவது கொடுங்கள் என்று கேட்டான். அறிக்கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். சுவர் நகர்கிறது என்று சொல்ல வேண்டுமானால் கண்ணாடியை அவனே காட்டிக்கொடுக்க வேண்டும். காட்டிக்கொடுத்தால் ஒரு வீடு அல்ல, லைனே தெருவுக்கு வரும். அவன் பேசாமல் திரும்பி வந்தான். அவன் முட்டு கேட்டதே, அவன் போன பிறகு செல்வமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

8. ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை. ஏனோக் வாரம் முழுக்கப் பெங்களூரில் வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். கோயிலுக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் படுத்தான். மழை தூறலாகத்தான் இருந்தது. நானும் செல்வமணியும் முன்னறையில் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். ஏர்பிளாஸ்ட் ஒன்று வந்தது, சின்னதுதான். வழக்கம்போல் நான் பேச்சை நிறுத்தவில்லை. பேசி முடிப்பதற்குள் நடுச்சுவர் உள்ளறைப் பக்கமாகச் சாய்ந்தது. லைன் ஆட்கள் ஓடிவந்து கல்லைப் புரட்டினார்கள். எல்லோரும் சுரங்கத்தில் இதே வேலையைச் செய்தவர்கள், அவசரப்படாமல் முறையாகத்தான் எடுத்தார்கள். ஏனோக் உயிரோடு இல்லை. அவனுக்கு வயது முப்பத்தெட்டு.

9. எஸ்டேட் ஆபீஸிலிருந்து வந்தவர்கள், மழையில் ஊறிச் சுவர் விழுந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள். சுவர் அசையவில்லை என்ற அறிக்கை கையில் இருக்கும்போது அவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள்? கல்லை எடுத்து வாசலில் குவித்தபோது, ஒரு பெரிய துண்டில் கண்ணாடி அப்படியே இருந்தது. துடைத்துப் பார்த்தேன். அதில் ஒரு குமிழி இருந்தது. என் வீட்டுக்காரர் போட்டோவில் அவர் காதுக்குப் பக்கத்தில் வரும் குமிழி. முப்பது வருஷம் துடைத்த கண்ணாடி ஐயா, எனக்குத் தெரியாதா?

செல்வமணியைக் கேட்டேன். அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னாள். கண்ணாடியை மாற்றிய அன்றைக்கு ஏனோக் சொன்னது இது: "அம்மா லைன் பூரா சொல்லி வெச்சிருக்குது. அது ஊர்லேருந்து வர்றதுக்குள்ள வெச்சிட்லாம்."

10. அடக்கத்துக்கு ஸ்ரீநிவாஸ் சார் வந்தார். குவியலில் இருந்த கண்ணாடியை விரலால் தொட்டார். அழுத்திப் பதித்த முனை விழுந்ததில் பெயர்ந்திருந்ததால், அது சிமெண்டுக் குல்லாவுக்குள் முன்னும் பின்னும் வழுக்கியது. "இது நான் வெச்ச கண்ணாடி இல்லம்மா. ஒடஞ்சிருக்கான்னு மட்டும்தான் ஒவ்வொரு மாசமும் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை, ஐயாவும் சொல்ல வேண்டாம். கொடுத்த அறிக்கையை அவர் தானாக மாற்ற முடியாதாம். தங்கள் ஆபீஸிலிருந்து எழுத்தில் கேட்டால் மட்டுமே மறுபடி சோதிக்க முடியும், அதுவும் ஆபீஸைப் பூட்டுவதற்குள் கேட்க வேண்டும் என்றார். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

11. நான் இப்படி எழுதுவது லைனில் யாருக்கும் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் (பெயர் எழுத மாட்டேன்) என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "உன் புள்ள போயிட்டான், அதுக்கு இன்னா, எங்கள எல்லாம் சைனைடு மேட்டுக்கு அனுப்பப் பாக்கறியா?" கேட்டுவிட்டு அன்றைக்கும் எங்களுக்கும் சேர்த்துத்தான் சோறு வடித்தாள். வீடு விழுந்ததிலிருந்து அவள் வீட்டில்தான் நாங்கள் படுக்கிறோம். அவள் வீட்டு நடுச்சுவரிலும் விரிசல் உண்டு. கண்ணாடியும் உண்டு, நல்ல கண்ணாடி, முழுசாக இருக்கிறது. அதற்குக் கீழேதான் நேத்ராவுக்குப் பாய் போட இடம் கிடைத்தது. நான் அவளுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்துக்கொள்கிறேன். சுவர் வந்தால் இந்தக் கிழவி உடம்பு எவ்வளவு தாங்கும்? ஆனாலும் படுத்துக்கொள்கிறேன். கண்ணை மூடினால் ஸ்ரீநிவாஸ் சார் அடிக்கும் டார்ச் வெளிச்சம் தெரிகிறது.

12. ஆகையால் தங்களிடம் நான் கேட்பது:

சுவர்கள் அசையவில்லை என்ற அறிக்கையைச் செல்லாது என்று நிறுத்தி வைக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் ஆபீசர்கள் தங்கள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், புதிதாகக் கண்ணாடி பதிக்க வேண்டும், விரிசல் விட்ட சுவருக்கு உடனே முட்டு கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கண்ணாடி உடைந்தாலும் வேறு வீடு கொடுக்காமல் யாரையும் வெளியேற்ற மாட்டோம் என்று தங்கள் கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும். ஆறுமுகத்தின் வீட்டில் ஒட்டியதைப் போல அதையும் எங்கள் கதவுகளில் ஒட்ட வேண்டும். இது இல்லாமல் ஆபீசர்கள் மட்டும் வந்தால், அவர்கள் லைனுக்குள் வருவதற்குள் எல்லா வீட்டிலும் கண்ணாடி முழுசாகத்தான் இருக்கும்.

எந்தெந்த வீட்டில் மாற்றிய கண்ணாடி என்று என்னைக் கேட்க வேண்டாம். என் வீட்டில் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்கு இனிமேல் ஒட்டத் தாளும் வேண்டாம், காலி செய்ய ஆளும் வேண்டாம்.

இதற்கு முன் எஸ்டேட் ஆபீஸுக்கு எழுதியதற்குப் பதில் வரவில்லை. இதற்கும் வராமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், சொல்லாமல் இருந்ததால்தான் என் பிள்ளை போனான், அதனால் சொல்லிவிட்டேன்.

சாட்சிக்கு அந்தக் கண்ணாடியையும் இதோடு சேர்த்து அனுப்பலாம் என்று நேத்ரா சொன்னாள். தபாலில் போனால் உடைந்துவிடும் என்று நான் அனுப்பவில்லை. துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஐயா நேரில் வந்தால் காட்டுகிறேன். இதுவரை அதில் ஒரு கீறல்கூட இல்லை.

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ஆ. சாராம்மாள்
(என் கையெழுத்து)

இடம்: மாரிகுப்பம்
நாள்: 3-9-2001

இணைப்பு: நேத்ரா எழுதிய கன்னட நகல்.