உமேவுக்கு ஒரு நன்றியுரை

அக்டோபர் 6
உமே இன்றும் என் சட்டைப்பையைத் துழாவிவிட்டுத்தான் நகர்ந்தாள். எங்கள் பல்கலைக்கழக விலங்கு நடத்தை மையத்தின் குரங்குக் கூட்டத்தில் அவள்தான் மூத்த கிழவி. "என்ன நாகமி, மாமியார் சோதனை முடிஞ்சதா?" என்றான் பக்கத்து மேசை ஒகிட்சு. அவன் வாய் அப்படி.

அக்டோபர் 14
பேராசிரியர் ஹிராசே கூப்பிட்டனுப்பினார். உமேவைப் பிடிக்க வேண்டுமாம். வலை, ஊசி எதுவும் இல்லாமல், குரல் கொடுத்தே வரவழைப்பதுதான் எங்கள் மையத்தின் பெருமை.
"நீ கூப்பிட்டா வந்துடுவா. ரத்தம் எடுத்துட்டு விட்டுடுவோம்."
"சரி, சென்செய்."

அக்டோபர் 15
கூப்பிட்டேன். வழக்கமாகப் போடும் கிழங்கைக்கூடக் காட்டவில்லை. தானாகவே கூண்டுக்குள் ஏறினாள். கதவைச் சாத்தியது நான். மற்ற குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

அக்டோபர் 19
இன்னும் விடவில்லை. கேட்டால் "கொஞ்சம் வேலை இருக்கு" என்கிறார் ஹிராசே. எனக்குக் குரங்குகளின் வேலிப்பக்கம் போகவே மனமில்லை. ஒகிட்சுதான் தீனி போடுகிறான்.

அக்டோபர் 23
இங்கே இறந்த விலங்குகளுக்கு வருடா வருடம் அஞ்சலி நடக்கும். ஒருவர் நன்றியுரை வாசிப்பது வழக்கம். ஹிராசே இன்று சொல்கிறார்: "இந்த வருஷம் நீ வாசி. உமேவ உன்ன மாதிரி யாருக்குத் தெரியும்?"
உமேவுக்கா? செத்ததுக்குத்தானே வாசிப்போம்?
"ஆய்வுக்கு அவ மூளை தேவைப்பட்டுது. முன்னாடியே சொல்லியிருந்தா நீ கூப்பிட்டிருப்பியா?"
மாட்டேன். கூப்பிட்டிருக்கவே மாட்டேன். அது தெரிஞ்சுதான மறைச்சிருக்கான், பாவி! அவ என்ன நம்பி வந்தா. நான் இவன நம்பி—

நவம்பர் 8
கறுப்பு உடை. நினைவுக்கல்லின் முன் சாமந்தியும் ஆரஞ்சுப் பழங்களும். பிக்கு ஓதி முடித்ததும் வாசித்தேன். "உமே, உன் உயிரை எங்களுக்குத் தந்தாய்." தந்தாளா? பிடுங்கிக்கொண்டோம். ஆனாலும் தடுமாறாமல் வாசித்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. எல்லோரும் குனிந்து வணங்கினோம். ஹிராசே அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நவம்பர் 10
மறுபடியும் தீனி போடுவது என் முறை. வேலியருகே நின்று கூப்பிட்டேன். ஒன்றுகூட வரவில்லை. மரத்தடியில் இருந்தபடி என்னையே பார்த்தன. ஒகிட்சு குரல் கொடுத்ததும் அத்தனையும் ஓடி வந்தன. அவன் இன்று கேலி எதுவும் பேசவில்லை. கிழங்குக் கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.
விஷயம் கேள்விப்பட்டு ஹிராசே மூச்சிரைக்க வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.
"ஒரே ஒருத்தர் குரல மட்டும் ஒதுக்குதுங்களா! இப்படி ஒண்ணு நாம பார்த்ததே இல்லையே. நாளைக்கும் நீயே கூப்பிடு, நாகமி. எத்தன நாளைக்கு வராம இருக்குதுங்கன்னு பார்த்துடலாம்."
நாளைக்கும் கூப்பிட வேண்டும்.
வந்துடாதீங்க.