உன் விக்கலும் பெலிம்பிங் பழமும்

இன்று காலை ரந்தாவ் பசாரில் பெலிம்பிங் பழத்தைக் குறுக்கே நறுக்கி, நட்சத்திரம் நட்சத்திரமாகத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்தில் ஓர் அம்மா ஒரு கிலோ கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? "வீட்ல யாருக்கும் கிட்னி கோளாறு இல்லையேம்மா?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரப் பெண் கத்தியைக் கீழே வைத்தாள். "அங்கிள், வாராவாரம் வந்து என் வியாபாரத்தக் கெடுக்காதிங்கலா."

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய், மாப்பிள்ளை.

லாபு ரப்பர் தோட்டத்து லயத்தில் ஒன்றாக வளர்ந்து, செனாவாங் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் நின்றவர்கள் நாம். உன் சிறுநீரகம் பழுதானபின் டயாலிசிசுக்கு உன்னைக் கூட்டிப்போனதும் நான்தான். தண்ணீரை அளந்துதான் குடிக்கவேண்டும் என்றார்கள். "நாக்கு செருப்புத்தோலா காஞ்சு கெடக்குடா" என்பாய். வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகாது என்று உனக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் காய்த்துத் தொங்கிய பெலிம்பிங்கை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அது பழம்கூட இல்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, வெயிலுக்கு வாயில் போட்டுக்கொள்கிற ஒன்று.

உன் மகளைப் பெண் கேட்டு வந்த அன்று கூடம் நிறைய ஆட்கள். உனக்கு விக்கல் பிடித்தது. "சம்பந்திய யாரோ நெனைக்கிறாங்க போல" என்றார் பையனின் அப்பா. "பழைய ஆளா இருக்கும்" என்றேன் நான். எல்லாரும் சிரித்தோம். உன் மனைவி சரசு சீனியை வாயில் போட்டாள். ஒருவர் முதுகில் தட்டினார். விக்கல் நிற்கவில்லை. தாம்பூலத் தட்டு மாற்றும் நேரத்தில் நீ என்னைப் பார்த்து, "அப்பா, சங்கு ஊதிட்டான், பால் வாளி எங்க?" என்று கேட்டாய். ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த உன் அப்பா செத்து எத்தனையோ வருஷம். தட்டை மாற்றாமலே உன்னைக் காரில் ஏற்றினோம்.

காரில் சிரம்பான் போகிற வழியெல்லாம் உன் விக்கல்தான் கேட்டது. சிவப்பு விளக்கில் நின்றபோது ஸ்டியரிங்கைக் குத்தினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை. "காலையிலருந்து என்ன சாப்ட்டாரு? சீக்கிரம் சொல்லுங்க அங்கிள்." எனக்குத் தெரியவில்லை. சரசுவுக்குப் போன் போட்டேன். அவள் வீடெல்லாம் ஓடித் தேடுகிற மூச்சு எனக்குக் கேட்டது.

"அடுப்படியில ஒண்ணுமில்லண்ணே... இருங்க. பின்வாசல்ல உப்புத் தட்டு இருக்கு. பெலிம்பிங் ஓரம் சீவிப் போட்டிருக்குண்ணே."

நான் சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது. "அதுல ஆக்சாலிக் அமிலம் இருக்கு. நல்ல கிட்னி வெளிய தள்ளிரும், இவருக்கு உள்ளயே தங்கிரும். இன்னொரு வெசமும் இருக்கு, அது மூளைக்கு ஏறும். இந்த விக்கல் அதோட வேலைதான்." மெஷினைத் தயார் செய்யச் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று விக்கல் நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. "நின்னுருச்சும்மா" என்று போனில் சரசுவிடம் சொல்லி முடிக்கவில்லை, உன் கை என் கைக்குள் வெட்டி இழுத்தது. மெஷினும் ஓடியது. நீ கண் திறக்கவே இல்லை.

சரசு சொல்லி அந்த மரத்தை நான்தான் வெட்டினேன். ஆத்திரம் தீரவில்லை. இப்போதெல்லாம் யாருக்கு விக்கல் வந்தாலும், யார் நினைக்கிறார்கள் என்று கேலி பேச எனக்கு வாய் வராது. என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பேன். பேரப்பிள்ளைகள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.

இன்று அந்த அம்மா பழப்பையை வாங்காமல் அப்படியே நின்றார். "எங்க வீட்டுக்காரருக்குத்தான் கேட்டேண்ணே. டயாலிசிஸ் போறாரு. தாகம் தாங்கலன்னாரு" என்றார். கடைக்காரப் பெண் பழத்தைத் திரும்பக் கூடையில் கொட்டினாள்.

வீடு வந்து சேரும்வரை உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மாப்பிள்ளை. இனி எவ்வளவு நினைத்தாலும் உனக்கு விக்கல் வராது.